களஞ்சியங்களும் பொதிப் புதுப்பிப்புகளும்: டெபியன், உபுண்டு பயனர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லினக்ஸ் வழங்கல்கள் பல இருந்தாலும், இப்பக்கம் டெபியனையும் உபுண்டு, மின்ட் போன்ற அதன் வழித்தோன்றல்களையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஃபெடோராவின் டிஎன்எஃப், ஆர்ச்சின் பேக்மேன் ஆகியவற்றில் அடிப்படைக் கருத்துகள் ஒத்திருந்தாலும் நடைமுறை வேறு. முனையத்தில் கட்டளை இடத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

களஞ்சியம் என்பது உண்மையில் என்ன?

ஒரு வலைச் சேவையகத்தில் குறிப்பிட்ட ஒழுங்கில் அடுக்கி வைக்கப்பட்ட கோப்புகளின் தொகுதியே களஞ்சியம். அதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. 'பூல்' என்னும் அடைவில் டெப் வடிவப் பொதிகள், அதாவது நிறுவுவதற்கு ஏற்றவாறு கட்டப்பட்ட மென்பொருள் கோப்புகள், இருக்கும். 'டிஸ்ட்ஸ்' என்னும் அடைவில் அந்தப் பொதிகளின் பட்டியல்கள் இருக்கும். ஒவ்வொரு பொதியின் பெயர், பதிப்பு, அளவு, அது சார்ந்திருக்கும் பிற பொதிகள், அதன் ஷா-256 மதிப்பு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்) ஆகிய அனைத்தும் பட்டியலில் பதிவாகியிருக்கும். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12-இல் 64,000-க்கும் அதிகமான பொதிகள் இருந்தன. இத்தனை பொதிகளையும் அவற்றின் சார்புகளையும் மனிதர் ஒருவர் கையால் தேடி இறக்கி நிறுவுவது நடக்காத காரியம்.

அந்த வேலையைச் செய்வதுதான் ஆப்ட். இதற்குக் கீழே டிபிகேஜி என்னும் கருவி இருக்கிறது. கையில் கொடுத்த ஒரு பொதியைப் பிரித்து உரிய இடங்களில் வைப்பது டிபிகேஜியின் பணி. எந்தப் பொதி, எந்தப் பதிப்பு, எந்தக் களஞ்சியத்திலிருந்து, எந்த வரிசையில் என்பதையெல்லாம் தீர்மானிப்பது ஆப்ட்டின் பணி. 1999-இல் வெளிவந்த டெபியன் 2.1 முதல் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

'ஆப்ட் அப்டேட்', 'ஆப்ட் அப்கிரேடு' இரண்டும் ஒன்றா?

இல்லை. முதல் கட்டளை களஞ்சியத்தின் பட்டியல்களை மட்டும் புதிதாக இறக்குகிறது. உங்கள் கணினியில் உள்ள மென்பொருள் எதுவும் அதனால் மாறாது. இரண்டாவது, அந்தப் பட்டியலோடு நிறுவியுள்ளவற்றை ஒப்பிட்டு, புதிய பதிப்பு உள்ள பொதிகளை மாற்றுகிறது. பல நாள்களுக்கு முன் இறக்கிய பட்டியலை வைத்துக்கொண்டு அப்கிரேடு கட்டளை இட்டால், இப்போது களஞ்சியத்தில் இல்லாத ஒரு பதிப்பைக் கேட்டு '404' பிழையோடு அது நின்றுவிடும். எனவே அப்டேட் எப்போதும் முதலில் வர வேண்டும்.

'ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு' மூன்றாவது. சாதாரண அப்கிரேடு, தேவையானால் புதிய பொதிகளைச் சேர்க்கும். ஆனால் இருக்கும் எதையும் நீக்காது. ஃபுல்-அப்கிரேடு நீக்கவும் செய்யும். இக்கட்டளை தீயதன்று, வெளியீடு மாறும்போது இது தேவைப்படுகிறது. ஆனால் 'நீக்கப்படவுள்ளவை' என்று அது காட்டும் பட்டியலைப் படிக்காமல் சம்மதம் கொடுக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் உங்கள் மேசைச் சூழலின் பெயரோ தரவுத்தளத்தின் பெயரோ இருந்தால், அங்கேயே நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

மூலப் பட்டியல் கோப்பில் உள்ள வரிகளை எப்படிப் படிப்பது?

எந்தக் களஞ்சியங்களைப் பார்க்க வேண்டும் என்று ஆப்ட்டுக்குச் சொல்லும் கோப்பு இது. அதன் ஒவ்வொரு பதிவிலும் நான்கு செய்திகள் உள்ளன: பொதியின் வகை, களஞ்சியத்தின் முகவரி, வெளியீட்டின் பெயர், பிரிவுகள். வெளியீட்டின் பெயர் 'புக்வர்ம்' என்று இருந்தால் அது டெபியன் 12. 'ட்ரிக்ஸி' என்றால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13. பெயருக்குப் பின்னால் 'செக்யூரிட்டி' என்று ஒட்டியிருப்பது பாதுகாப்புத் திருத்தங்களுக்கான தனி வழி. அந்த வரி தவறுதலாக நீக்கப்பட்ட கணினிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றில் 'அனைத்தும் புதுமையாக உள்ளன' என்றே ஆப்ட் சொல்லும். தனக்குத் தெரிந்த பட்டியல்களின்படி அது சொல்வது சரியே. பாதுகாப்புப் பட்டியல் அதற்குக் காட்டப்படவே இல்லை என்பதுதான் குறை.

டெபியனில் 'மெயின்' என்பது முழுமையாகக் கட்டற்ற மென்பொருள். 'நான்-ஃப்ரீ' அந்த வரையறைக்குள் வராதது. வைஃபை அட்டை போன்ற வன்பொருள்களுக்குள் இயங்கும் மென்பொருளான நிலைபொருளுக்கு டெபியன் 12 முதல் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்னும் தனிப் பிரிவு வந்தது. 11-இலிருந்து 12-க்கு மாறியவர்களில் சிலர் இந்தச் சொல்லைச் சேர்க்காமல் விட்டதால், அவர்களது நிலைபொருள் புதுப்பிப்புப் பெறாமல் தேங்கிவிட்டது.

உபுண்டுவில் மெயின், ரெஸ்ட்ரிக்டட், யூனிவர்ஸ், மல்டிவர்ஸ் என நான்கு. இவற்றுள் முதலிரண்டை உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் பராமரிக்கிறது; யூனிவர்ஸ் பெருமளவு சமூகத்தின் பொறுப்பில் உள்ளது. நீண்டகால ஆதரவு வெளியீட்டுக்கு ஐந்தாண்டுப் பாதுகாப்பு என்று சொல்லும்போது அந்த உறுதி முதலிரண்டு பிரிவுகளுக்கே உரியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யூனிவர்ஸ் பொதிகளுக்கும் அத்தகைய திருத்தங்கள் வேண்டுமானால் அந்நிறுவனத்தின் உபுண்டு ப்ரோ சேவையில் இணைய வேண்டும். தனிநபர் பயன்பாட்டில் ஐந்து கணினிகள் வரை அது இலவசம்.

டெபியன் பயனர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியீட்டின் பெயரைக் குறிக்கும் இடத்தில் 'ஸ்டேபிள்' என்று எழுதாமல் 'புக்வர்ம்' போன்ற குறிப்பெயரையே எழுதுங்கள். 2023 ஜூன் 10 அன்று 'ஸ்டேபிள்' என்ற சொல்லின் பொருள் டெபியன் 11-இலிருந்து 12-க்கு மாறியது. பெயர் மாறியிருப்பதை ஆப்ட் அறிவித்துச் சம்மதம் கேட்கும். அதைப் படிக்காமல் ஒப்புக்கொண்டவர், வழக்கமான வாராந்திரப் புதுப்பிப்பு என்று எண்ணி ஒரு முழு வெளியீட்டு மாற்றத்தைத் தொடங்கிவிடுவார்.

என் கணினியில் உள்ள பதிப்பு, மென்பொருளின் தளத்தில் உள்ளதைவிட மிகப் பழையது. அப்படியானால் என் கணினி பாதுகாப்பற்றதா?

எல்லாக் கேள்விகளிலும் இதுவே முதன்மையானது. தவறான விடையால் மிகுந்த கேடு விளைவதும் இதில்தான். பதிப்பு எண் பழையதாக இருப்பதையும் பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்படாமல் இருப்பதையும் ஒன்றாகக் கருதக் கூடாது.

நிலையான வெளியீட்டில், மென்பொருளின் பதிப்பை உறையவைத்துவிட்டு, பாதுகாப்புக்குத் தேவையான திருத்தத்தை மட்டும் அந்தப் பழைய பதிப்பின் மூல நிரலில் பொருத்துவது டெபியனின் மரபு. 2014 ஏப்ரல் 7 அன்று வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டையை எடுத்துக்கொள்வோம். மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில் அது இருந்தது. மூலத் திட்டம் (அந்த நூலகத்தை எழுதுவோர்) 1.0.1ஜி பதிப்பில் அதைச் சரிசெய்தது. அப்போதைய டெபியன் 7-இல் இருந்ததோ 1.0.1இ. டெபியன் 1.0.1ஜி பதிப்புக்குத் தாவவில்லை. 1.0.1இ-யிலேயே திருத்தத்தைப் பொருத்தி '1.0.1இ-2+டெப்7யூ5' என்ற பொதியை வெளியிட்டது. இடைக்கோட்டுக்கு முன்னால் உள்ளது மூலத் திட்டத்தின் பதிப்பு. பின்னால் உள்ளது டெபியனின் திருத்த எண். 'டெப்7யூ5' என்பது டெபியன் 7-க்கான ஐந்தாவது திருத்தம். முன்பகுதியை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தக் கணினி ஓட்டையோடு இருப்பதாகத் தோன்றியது. உண்மையில் அது பாதுகாப்பாக இருந்தது.

பாதுகாப்புத் தணிக்கைக் கருவிகள் சிலவும் முன்பகுதியை மட்டும் படித்துவிட்டு நீண்ட சிவப்புப் பட்டியல் ஒன்றைக் கொடுக்கும். அதைக் கண்டு பதறி, மூல நிரலைத் தாமே இறக்கித் தொகுத்து நிறுவியவர்கள் உண்டு. அவ்வாறு நிறுவியது ஆப்ட்டின் கண்ணுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து அதில் புதிய ஓட்டை வரும்போது அதைப் புதுப்பிப்பார் எவருமில்லை. இருந்த பாதுகாப்பை இழப்பதில்தான் அந்த முயற்சி முடிகிறது.

சரிபார்க்கும் முறை இது: சந்தேகப்படும் ஓட்டையின் சிவிஇ எண்ணை (ஒவ்வொரு ஓட்டைக்கும் பொதுவாக வழங்கப்படும் அடையாள எண்) எடுத்துக்கொள்ளுங்கள். டெபியனின் பாதுகாப்புக் கண்காணிப்புப் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடினால், எந்த வெளியீட்டில் எந்தப் பொதிப் பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது என்று அட்டவணையாகக் கிடைக்கும். உபுண்டுவிலும் இத்தகைய பக்கம் உண்டு. 'ஆப்ட் சேஞ்ச்லாக்' என்று எழுதிப் பொதியின் பெயரைக் கொடுத்தால், மாற்றக் குறிப்பிலேயே அந்த எண் இருப்பதைக் காணலாம்.

களஞ்சியத்திலிருந்து வரும் பொதியை யாரும் நடுவழியில் மாற்றவில்லை என்று எப்படி நம்புவது?

நம்பிக்கை ஒரு சங்கிலியாக இறங்குகிறது. களஞ்சியத்தின் தலைவாயிலில் 'இன்ரிலீஸ்' என்னும் கோப்பு உள்ளது. வழங்கலின் ஜிபிஜி சாவியால் (மின்னணுக் கையொப்பத்துக்கான சாவி) அது கையொப்பமிடப்பட்டிருக்கும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி நிறுவும்போதே உங்கள் கணினிக்கு வந்துவிடுகிறது. அந்தக் கோப்பில் ஒவ்வொரு பட்டியலின் ஷா-256 மதிப்பும் உள்ளது. ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொரு பொதியின் ஷா-256 மதிப்பு உள்ளது. ஆகவே மேலே உள்ள ஒரே கையொப்பம் சரியாக இருந்தால், கீழே உள்ள ஆயிரக்கணக்கான பொதிகளில் ஒரு பைட் மாறியிருந்தாலும் ஆப்ட் கண்டுபிடித்துவிடும். பொதி எந்த மிரர் தளத்திலிருந்து (களஞ்சியத்தின் நகலை வைத்திருக்கும் சேவையகம்) வந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

பூட்டுக் குறியில்லாத பழைய ஹெச்டிடிபி முகவரிகள் இன்றும் களஞ்சிய வரிகளில் இருப்பதும் இதனால்தான். ஆயினும் 2019 ஜனவரியில் ஆப்ட்டிலேயே ஒரு பிழை வெளிப்பட்டது. முகவரி மாற்றத்தை அது கையாண்ட விதத்தில் இருந்த குறையால், நடுவில் இருப்பவர் பொய்யான சரிபார்ப்பு மதிப்புகளை நுழைத்துத் தீய பொதியை ஏற்கச்செய்ய முடிந்தது. கையொப்பத்தோடு மறையாக்கமும் இருந்தால் இத்தகைய தாக்குதல் கடினமாகும் என்பதால், மிரர் தளம் ஹெச்டிடிபிஎஸ் வழங்கினால் அதையே பயன்படுத்துவது என் பரிந்துரை.

கையொப்பத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பொதி வழங்கலிடமிருந்துதான் வந்தது என்பதைத்தான் அது காட்டும். உள்ளே இருப்பது நல்ல நிரல் என்பதைக் காட்டாது. டெபியன் பராமரிப்பாளர்கள் 2006-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் செய்த ஒரு மாற்றத்தால், அதில் உருவான மறையாக்கச் சாவிகள் எளிதில் ஊகிக்கத்தக்கவை ஆயின. 2008 மே மாதத்தில்தான் அது வெளிவந்தது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர், எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட பின்வாசல் இருப்பதை அறிவித்தார். அவை டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் முறையான கையொப்பத்தோடு வந்திருந்தன. நிலையான வெளியீட்டுக்கு வந்துசேரவில்லை. மெதுவாக நகரும் வெளியீட்டைப் பயன்படுத்துவோருக்குக் கிடைத்த பயன் அது.

அப்போது டெபியன் பழைய நிரலுக்குத் திரும்பி வெளியிட்ட பொதியின் எண் '5.6.1+ரியலி5.4.5-1'. எண் பெரியதாக இருந்தால்தான் ஆப்ட் அதைப் புதியது என்று கொள்ளும், ஆகவே 5.4.5 நிரலுக்கு 5.6.1-ஐவிடப் பெரிய எண்ணைக் கொடுக்க வேண்டியிருந்தது. பதிப்பு எண்ணின் முன்பகுதியை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இது இன்னொரு சான்று.

வெளியார் களஞ்சியங்களைச் சேர்க்கலாமா?

தேவை உண்மையானதாக இருந்தால் சேர்க்கலாம். ஆனால் ஒன்றை அறிந்து சேர்க்க வேண்டும்: பொதி நிறுவப்படும்போது அதனுள் இருக்கும் நிரல்கள் ரூட் உரிமையோடு, அதாவது நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு, இயங்கும். ஒரு களஞ்சியத்தைச் சேர்ப்பது, அதை நடத்துபவரிடம் உங்கள் கணினியின் முழு அதிகாரத்தையும் இன்று மட்டுமன்றி இனி வரும் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் கொடுப்பதாகும். தனிநபர்களும் குழுக்களும் நடத்தும் உபுண்டுவின் பிபிஏ களஞ்சியங்களுக்கும் இது பொருந்தும்.

பழைய வழிகாட்டிகள் 'ஆப்ட்-கீ' கட்டளையால் சாவியைச் சேர்க்கச் சொல்லும். அவ்வாறு சேர்த்த சாவி எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லும் என்பதே அதன் குறை. எங்கோ ஒரு சிறு மென்பொருளுக்காகச் சேர்த்த சாவியைக் கொண்டு டெபியனின் சொந்தப் பொதியைப் போலவே ஒன்றைக் கையொப்பமிட்டு நுழைக்க இயலும். இப்போதைய முறையில் சாவியைத் தனிக் கோப்பாக வைத்து, அந்தக் களஞ்சியத்தின் பதிவில் மட்டும் 'சைன்டு-பை' என்று குறிப்பிட வேண்டும். டெபியன் 13-இல் ஆப்ட்-கீ அகற்றப்பட்டுவிட்டது.

டெபியனில் உபுண்டுவின் களஞ்சிய வரியைச் சேர்த்தால் என்ன? இரண்டும் டெப் பொதிகள்தாமே?

சேர்க்காதீர்கள். வடிவம் ஒன்றாயினும், ஒவ்வொரு பொதியும் தன் வெளியீட்டில் உள்ள நூலகங்களின் குறிப்பிட்ட பதிப்புகளோடு சேர்த்துத் தொகுக்கப்பட்டது. ஒரு சிறு பொதிக்காகச் சேர்த்த வரி, கணினியின் அடிப்படையான சி நூலகத்தையே இழுத்து மாற்றிவிடக்கூடும். அதன்பின் திரும்பி வருவது பெரும்பாடு. இந்திய அரசின் சி-டாக் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பாஸ் போன்று டெபியனிலிருந்து பிறந்த வழங்கல்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு மென்பொருளின் புதிய பதிப்புதான் தேவை என்றால், முதலில் 'பேக்போர்ட்ஸ்' வழியைப் பாருங்கள். அங்குள்ளவை உங்கள் வெளியீட்டுக்கென்றே மறுபடியும் தொகுக்கப்பட்டவை.

சில பொதிகள் 'நிறுத்தி வைக்கப்பட்டன' என்று வருகிறதே?

மூன்று காரணங்கள் உண்டு. அந்தப் பொதியைப் புதுப்பிக்க வேறொன்றை நீக்க வேண்டியிருக்கலாம். நீங்களே முன்பு 'ஆப்ட்-மார்க் ஹோல்டு' கட்டளையால் அதை நிறுத்தியிருக்கலாம். உபுண்டுவாக இருந்தால் அது படிப்படியான வெளியீடாக இருக்கலாம். இந்த மூன்றாவது முறையில், புதுப்பிப்பு முதலில் ஒரு பகுதிக் கணினிகளுக்கு மட்டும் கொடுக்கப்பட்டு, பிழை அறிக்கைகள் வராவிட்டால் விழுக்காடு உயர்த்தப்படும். இரண்டு மூன்று நாள்கள் பொறுத்தால் தானாக வந்துவிடும். பொறுமையின்றி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி நிறுவினால், அவை தாமே நிறுவப்பட்டவை என்ற குறிப்பை இழந்து, பின்னாளில், தேவையற்ற பொதிகளை நீக்கும் 'ஆட்டோரிமூவ்' கட்டளை அவற்றைத் துப்புரவு செய்யாது.

'ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று பிழை வருகிறது. களஞ்சியம் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் உங்கள் கணினியின் கடிகாரமே காரணம். தாய்ப்பலகையில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை மின்சாரம் போகும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அப்போது இன்று கையொப்பமிடப்பட்ட கோப்பு, கணினியின் கணக்கில் எதிர்காலத்தில் இடப்பட்டதாகத் தெரியும். ஒரு பள்ளியின் கணினி அறையில் அனைத்துக் கணினிகளிலும் இதே பிழை வந்து, வலையமைப்பைக் குறைசொல்லி அரைநாள் கழிந்ததை நேரில் கண்டிருக்கிறேன். இறுதியில் 'டேட்' கட்டளையை இட்டுப் பார்த்த பிறகுதான் தெளிந்தது. நேரத்தைச் சரிசெய்து, மின்கலத்தை மாற்றுங்கள்.

இதன் மறுபக்கமாக 'காலாவதியாகிவிட்டது' என்ற பிழையும் உண்டு. கடிகாரம் சரியாக இருந்தும் அது வந்தால், உங்கள் மிரர் தளம் பல நாள்களாகப் புதுப்பிக்கப்படவில்லை என்று பொருள். பழைய பட்டியலையே காட்டி உங்களைப் பழைய ஓட்டைகளோடு நிறுத்திவைக்கும் தாக்குதலைத் தடுக்கவே இந்தக் காலவரம்பு. அதை முடக்கும் விருப்பத்தேர்வைப் பயன்படுத்தாமல், வேறு மிரர் தளத்துக்கு மாறுங்கள்.

பூட்டு கிடைக்கவில்லை என்கிறது ஆப்ட். பூட்டுக் கோப்பை அழிக்கலாமா?

அழிக்காதீர்கள். பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும். சில நிமிடங்கள் காத்திருங்கள். இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் பொதித் தரவுத்தளத்தைத் திருத்தினால் அது சிதையும் என்பதற்காகவே அந்தப் பூட்டு. புதுப்பிப்பின் நடுவே மின்சாரம் போயிருந்தால், 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' என்ற கட்டளையை இட்டு, அடுத்து 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' இடுங்கள். பெரும்பாலான பாதி வேலைகள் இவ்விரண்டால் முழுமையடையும்.

அமைவுக் கோப்பை மாற்றவா, வைத்துக்கொள்ளவா என்று கேட்கும்போது என்ன சொல்வது?

நீங்களும் அந்தக் கோப்பைத் திருத்தியிருந்து, பராமரிப்பாளரும் புதிய பதிப்பில் திருத்தியிருந்தால் மட்டுமே இக்கேள்வி எழும். முதலில் 'டி' விசையை அழுத்தி வேறுபாட்டைப் பாருங்கள். ஐயமிருந்தால் உங்கள் கோப்பையே வைத்துக்கொள்ளுங்கள்; புதிய கோப்பு 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற பின்னொட்டோடு பக்கத்திலேயே வைக்கப்படும். மாற்றச் சொன்னால் உங்களுடையது 'டிபிகேஜி-ஓல்டு' என்ற பின்னொட்டோடு இருக்கும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் எதுவும் தொலைவதில்லை.

புதுப்பித்த பின் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டுமா?

இயங்குதளத்தின் மையமான கெர்னல் மாறியிருந்தால் ஆம். நூலகங்கள் மாறியிருந்தால் அவற்றைப் பயன்படுத்தும் சேவைகளையேனும் மறுதொடக்கம் செய்ய வேண்டும். வட்டில் உள்ள கோப்பு புதிதானாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயல் பழைய நூலகத்தையே நினைவகத்தில் வைத்திருக்கும். ஹார்ட்பிளீட் நாள்களில் பொதியைப் புதுப்பித்துவிட்டு வலைச் சேவையகத்தை அப்படியே ஓடவிட்டவர்கள் ஓட்டையோடுதான் இருந்தார்கள். அதை உணர்ந்து டெபியன் அடுத்து வெளியிட்ட 'டெப்7யூ6' பொதியில், மறுதொடக்கம் தேவைப்படும் சேவைகளைக் கண்டறியும் ஏற்பாட்டைச் சேர்த்தது. இன்று 'நீட்ரீஸ்டார்ட்' என்னும் கருவி இதைப் பொதுவாகவே கவனித்துக்கொள்கிறது.

தானியங்கிப் புதுப்பிப்பை நம்பலாமா?

பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் அதை இயக்கி வைப்பதே என் முடிவு. 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' பொதி அதற்கெனவே உள்ளது. திருத்தம் வெளியான நாளிலிருந்து தாக்குதல் எழுதுவோரும் அதைப் படிக்கிறார்கள். நினைவு வரும்போது புதுப்பிக்கலாம் என்று ஒரு மாதம் விடுவது, நிலையான வெளியீட்டில் ஒரு திருத்தத்தால் ஏதேனும் உடையும் வாய்ப்பைவிடப் பெரிய இடர்.

என் வெளியீடு பழையது. எல்லா வரிகளும் '404' தருகின்றன. என்ன செய்வது?

ஆதரவுக் காலம் முடிந்த வெளியீடுகள் முதன்மைத் தளத்திலிருந்து காப்பகத் தளத்துக்கு மாற்றப்படும். உபுண்டு 23.10 போன்ற இடைக்கால வெளியீடுகளுக்கு ஒன்பது மாதமே ஆதரவு. காப்பகத்தின் முகவரியைக் களஞ்சிய வரியில் மாற்றினால் பொதிகள் மீண்டும் கிடைக்கும். ஆனால் அங்கே புதிய திருத்தம் எதுவும் வராது. அடுத்த வெளியீட்டுக்கு ஏறும் வரை மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள். ஏறும்போதும் ஒவ்வொரு படியாகவே ஏற வேண்டும்: டெபியன் 11-இலிருந்து 13-க்கு நேரே செல்வதை டெபியன் ஆதரிப்பதில்லை, 12 வழியாகத்தான் செல்ல வேண்டும்.

ஒரு புதுப்பிப்புக்குப் பின் மென்பொருள் கெட்டுவிட்டது. பழைய பதிப்புக்குத் திரும்பலாமா?

முதலில் என்ன மாறியது என்று அறியுங்கள். 'வார்' அடைவுக்குள் 'லாக்', அதற்குள் 'ஆப்ட்' என்று போனால் 'ஹிஸ்டரி.லாக்' கோப்பு இருக்கும். எந்த நாளில், எந்தக் கட்டளையால், எந்தப் பொதி எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு மாறியது என்பது வரிவரியாக அதில் உள்ளது. 'ஆப்ட் பாலிசி' கட்டளை, இப்போது கிடைக்கும் பதிப்புகளைக் காட்டும். பழைய பதிப்பு அதில் இருந்தால், பொதியின் பெயருக்குப் பின் சமக்குறியிட்டு அந்தப் பதிப்பை எழுதி நிறுவலாம். இல்லாவிட்டால், டெபியனின் ஸ்னாப்ஷாட் காப்பகத்தில் 2005 முதல் களஞ்சியம் ஒவ்வொரு நாளும் எப்படி இருந்தது என்பது சேமிக்கப்பட்டுள்ளது, அங்கிருந்து எடுக்கலாம்.

ஆனால் பதிப்பு இறக்கத்துக்கு டெபியன் பொறுப்பேற்பதில்லை. தரவுத்தளம் போன்ற மென்பொருள்கள் புதிய பதிப்பில் தம் கோப்புகளின் வடிவத்தையே மாற்றியிருக்கும். பழைய பதிப்பால் அவற்றைப் படிக்க இயலாது. தரவை நகலெடுத்த பின்னரே இதில் இறங்குங்கள். இறங்கிய பின் 'ஹோல்டு' குறியிட்டால்தான் அடுத்த அப்கிரேடு அதை மீண்டும் மேலே இழுக்காது; அந்தக் குறி இருக்கும்வரை அப்பொதிக்குப் பாதுகாப்புத் திருத்தமும் வராது என்பதால், பிழையை வழங்கலின் பிழைப்பதிவில் தெரிவித்து, திருத்தம் வந்ததும் குறியை அகற்றுங்கள்.